கனடாத் தகடு

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு எங்கள் அலுவலகப் படியேறி வந்த பெண், கதிரையில் உட்காருவதற்கு முன்பே கைப்பையைத் திறந்து ஒரு கத்தியை எடுத்து மேசையில் வைத்தாள்.

நான் என் கதிரையைச் சத்தமில்லாமல் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். இந்தத் தொழிலுக்கு வந்து இரண்டு வருடமாகிறது. இதுவரை என்னை எவரும் குத்தியதில்லை. அந்தப் பெருமையை முடிந்தவரை காப்பாற்ற வேண்டும் என்பது என் ஆசை.

நேசமலர் அக்கா அசையவில்லை. கத்தியைத் தூக்கி, விளிம்பைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார்.

"உது பாணுக்கு பட்டர் பூசுற கத்தி. றயன், நீர் கதிரையை முன்னுக்கு இழும்."

"பட்டர் பூசினாலும் கத்தி கத்திதானே அக்கா" என்றேன். ஆனாலும் இழுத்தேன்.

நேசமலர் அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. இருபத்தாறு வருடம் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து மற்றவர்களுடைய பொய்களைத் தட்டச்சுச் செய்தவர். எழுதியது போதும், இனிப் பிடிப்போம் என்று நேரத்தோடு ஓய்வெடுத்து, நெல்லியடிச் சந்திக்குப் பக்கத்தில் ஒரு தையல்கடையின் மேல்மாடியில் இந்தத் துப்பறியும் அலுவலகத்தைத் திறந்தார். நான் அதற்கு முன் வாடகை வான் ஓடியவன். அக்காவுக்கு வாகனம் ஓட்டத் தெரியாது, எனக்கு வாயை மூடத் தெரியாது. இந்த இரண்டு குறையும் சேர்ந்ததுதான் எங்கள் நிறுவனம்.

வந்தவளின் பெயர் உதயகலா. ஊர் ஆவரங்கால், வயது முப்பது, தொழில் தேனீ. சொந்த வீட்டு வளவில் எட்டுப் பெட்டிகள் வைத்திருக்கிறாள். ஊரில் பெட்டி வாங்கிய பலருக்குத் தேனில் விருப்பம், தேனீயில் பயம். அவர்களுக்காக இவள்தான் போய்ப் பெட்டியைத் திறந்து, பார்த்து, தேன் எடுத்து, மூடிவிட்டு வருவாள். அதுவரை வீட்டுக்காரர்கள் யன்னலுக்குப் பின்னால் நின்று ஆலோசனை சொல்வார்களாம்.

"இந்தக் கத்தியாலைதான் பத்து வருசமாப் பெட்டி வேலை செய்யிறன்" என்றாள். "ஆனால் இப்ப என்னைக் கள்ளியாக்கினது வேறை ஒரு சாமான்."

கைபேசியில் படத்தைக் காட்டினாள். ஒரு சாண் நீளமான இரும்புத் தகடு. ஒரு முனை உளி போலத் தட்டை, மறுமுனை கொக்கி போல வளைவு. மஞ்சள் வர்ணம். நடுவில் வெள்ளைக் காகிதம் ஒட்டி ‘க. உதயகலா’ என்று எழுதியிருந்தது. வெளிநாட்டில் தேனீப் பெட்டியை நெம்பித் திறக்கும் கருவி அது. கனடாவில் இருக்கும் சித்தப்பா மூன்று வருடத்துக்கு முன் அனுப்பினார். அவளுடைய அப்பா கந்தப்பு அதற்குக் கனடாத் தகடு என்று பெயர் வைத்து, வந்த அட்டைப் பெட்டியோடு கண்ணாடி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். போன ஆனியில் மாதர் சங்கக் கண்காட்சியில் ஒருநாள் வெளியே வந்தது. அன்றைக்கு ஒட்டியதுதான் அந்தப் பெயர். திரும்பவும் அலுமாரிக்குள் போய்விட்டது.

அப்படிப்பட்ட தகடு, போன செவ்வாய்க்கிழமை பின்னேரம், அதே ஊரில் சண்முகநாதன் என்பவரின் வளவில், அவருடைய தேனீப் பெட்டிக்குப் பக்கத்தில் கிடந்தது. பெட்டிக்குள் ஒரு தேனீயும் இல்லை.

புதன்கிழமைக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. அவள் பூச்சியைக் கிளப்பிக்கொண்டுபோய்த் தன் பெட்டிக்குள் விட்டுவிட்டாள் என்பது கதை. இன்றைக்கு நாலு மணிக்கு வாசிகசாலையில் மாதர் சங்கக் கூட்டம். முப்பது பெண்களுக்குத் தேனீ வளர்ப்புப் பழக்க உதயகலாவை நியமிப்பதாக இருந்தது. சங்கத் தலைவி பராசக்தி, சண்முகநாதனின் மனைவி.

"நாலு மணிக்குப் பராசக்தி மாமி எழும்பிக் கதைச்சா எண்டால் என்ரை அலுவல் முடிஞ்சுது. வேலை போறது கிடக்கட்டும். ஒருத்தரும் என்னை வளவுக்குள்ளை விடமாட்டினம். படலை துறக்காட்டி நான் எங்கை பெட்டி துறக்கிறது?"

அவள் அழவில்லை. கத்தியை எடுத்துத் துவாயால் துடைத்துத் திரும்பவும் பைக்குள் வைத்தாள்.

அலுமாரிக்குள் இருந்த அட்டைப் பெட்டி வெறுமையாகிவிட்டதா என்று அக்கா கேட்டார். அதுதான் விசித்திரம் என்றாள். அட்டைப் பெட்டி இருந்த இடத்தில் இருக்கிறது. தூக்கினால் முன்பு போலவே பாரமாகவும் இருக்கிறது. எங்கள் தகடு உள்ளேதான் இருக்கிறது, அங்கே கிடந்தது எவனோ செய்த போலி என்று சத்தியம் செய்யும் அப்பா, திறந்து மட்டும் பார்க்க விடுகிறார் இல்லையாம்.

"ஏன் விடுகிறார் இல்லை?"

"தெரியேல்லை. அலுமாரித் திறப்பை மடியிலை வைச்சுக்கொண்டு படுக்கிறார்."

அக்கா குடையை எடுத்தார். குடையை எடுத்தால் வழக்கு ஏற்கப்பட்டது என்று அர்த்தம்.

*

வல்லை வெளியில் காற்று ஸ்கூட்டரைத் திருப்பி நெல்லியடிக்கே அனுப்பப் பார்த்தது. அக்கா பின்னால் இருந்து என் காதுக்குள் வழக்கைக் கதைத்துக்கொண்டே வந்தார். காற்றில் பாதி வார்த்தைகள் தொண்டைமானாற்றுப் பக்கம் போய்விட்டன. மிச்சப் பாதியில் எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: ஒரு பொருள் கிடந்த இடத்தையும் பார்க்க வேண்டும், அது இருந்திருக்க வேண்டிய இடத்தையும் பார்க்க வேண்டும். முன்னாலே தன் ஸ்கூட்டரில் போன உதயகலா, மாமி வீட்டு ஒழுங்கை வந்ததும் கையால் காட்டிவிட்டுத் தன் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள்.

சண்முகநாதன் வீட்டுக்குள் போகும்போதே ‘டொக், டொக்’ என்று சத்தம். குசினிப் படியில் இருந்து பராசக்தி மாமி ஒரு கருங்கல்லில் பாக்கை வைத்துச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தார். பாக்கு உடைந்து நாலு பக்கமும் பறந்தது. ஒரு துண்டு என் நெற்றியில் பட்டது. துப்பறிய வந்தவர்கள் என்றதும் மாமி எங்களை விறாந்தைக்கு அழைத்துப்போய் விசிறியால் விசிறிக்கொண்டு முறைப்பாட்டைத் தொடங்கினார். திருத்த வேலை என்று காலை எட்டு மணியில் இருந்து ஊரில் கரண்ட் இல்லை, பின்னேரம்தான் வருமாம். அதையும் ஏதோ உதயகலா எடுத்துக்கொண்டு போனதுபோலத்தான் சொன்னார்.

தகட்டைக் கண்டெடுத்தது மாமிதான். பெயரை வாசித்துவிட்டுக் கத்தியதும் அவர்தான். அந்த நேரம் ஐயா தலையிடி என்று உள்ளே படுத்திருந்தாராம்.

"ஐயா உதயகலாவைத்தான் சொன்னவரோ?" என்று அக்கா கேட்டார்.

"அவர் ஒண்டும் சொல்லேல்லை. நான் சொன்னன், அவர் தலையாட்டினவர்."

அப்போது சண்முகநாதன் வெளியே வந்தார். ஓய்வுபெற்ற நில அளவையாளர். உயரமான மனிதர், வீட்டுக்குள்ளேயே கறுப்புக் கண்ணாடி. கண்நோய் என்றார். ரொறன்ரோவில் மகள் வீட்டில் ஆறு மாதம் நின்றுவிட்டு மாசியில்தான் திரும்பியிருந்தார். உடம்பு வந்துவிட்டது, வாய் இன்னும் வந்து சேரவில்லை. வாசலில் இருந்து பெட்டி நின்ற மாமரத்தடிக்குப் போவதற்குள் ‘கனடாவிலை எண்டால்’ என்று ஏழு தரம் சொன்னார். எண்ணியது நான்.

பெட்டி நான்கு கால்களில் நின்றது. எறும்பு ஏறாமல் ஒவ்வொரு காலும் தண்ணீர் ஊற்றிய ரின்னுக்குள் நின்றது. மூடியின் நாலு பக்கமும் பலகை கடிபட்டதுபோல நெம்பிய தடங்கள். உள்ளே வெறும் மெழுகு வதைகளும் செத்த பூச்சிகள் கொஞ்சமும்.

சண்முகநாதன் அளவு எடுக்கிறவர்போல விரலை நீட்டி விளக்கினார். பூச்சிகள் மூடியைப் பசையால் ஒட்டி வைத்திருக்கும். அந்தப் பசை சீமெந்து மாதிரி. அதை உடைக்காமல் பெட்டியைத் திறக்க ஏலாது. அதற்குத்தான் கள்ளர் இந்தத் தகட்டைக் கொண்டுவந்திருக்கிறார்கள். சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தார். அக்கா எல்லாவற்றுக்கும் ‘ஓம், ஓம்’ என்று தலையாட்டினார். நீதிமன்றத்தில் பழகிய தலையாட்டல் அது. ஒன்றையும் நம்பவில்லை, எல்லாவற்றையும் எழுதிக்கொள்கிறேன் என்று அர்த்தம்.

நான் அதற்குள் வேறொன்றைக் கண்டுவிட்டேன். வேலியோரம் படங்குக்குக் கீழே ஒரு பழைய ஏ-போட்டி கார். வான் ஓடியவனுக்கு அதைக் கண்டால் கால் தானாகப் போகும். படங்கின் நுனியைத் தூக்கி டிக்கியைத் தடவினேன். துரு பிடித்து இறுகிப் போயிருந்தது. இலக்கத் தகட்டுக்கு மேலே லைட் இருந்த இடத்தில் ஒரு ஓட்டை. எங்கேயோ பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டர் இரையும் சத்தம் கேட்டது. விற்கிறாரா என்று கேட்கலாம் என நினைத்தேன். அக்கா திரும்பிப் பார்த்த பார்வையில் படங்கை விட்டுவிட்டேன்.

புறப்படும்போது அக்கா மாமியிடம், பாக்குக்கு ஏன் சுத்தியல் என்று கேட்டார்.

"பாக்குவெட்டியைச் சனிக்கிழமை தொடக்கம் காணேல்லை. என்ரை அம்மான்ரை சாமான். பித்தளைப் பிடி, கிளித்தலை. பூச்சியை எடுத்தவள் அதையும் எடுத்திருப்பாள்" என்றார் மாமி.

சண்முகநாதன் இருமினார். பாக்குத் துண்டு தொண்டைக்குள் போயிருக்கும் என்று நினைத்தேன். அவர் பாக்கு போடுகிறவர் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

*

உதயகலாவின் வளவு அதே ஒழுங்கையின் மற்றப் பக்கம். முருங்கை நிரைக்குக் கீழே எட்டுப் பெட்டிகள். ஒன்றைத் திறந்து காட்டும்படி அக்கா கேட்டார். நான் கிணற்றடி வரை போய் நின்று பார்த்தேன். அங்கிருந்து வடிவாகத் தெரிந்தது.

அவள் கையுறை போடவில்லை, முகமூடி போடவில்லை. புகையூதிக்குள் காய்ந்த தேங்காய்ப் பொச்சுத் தும்பைப் போட்டு வாசலில் இரண்டே தரம் ஊதினாள். பிறகு மூடியை இரண்டு கையாலும் சும்மா தூக்கிக் கீழே வைத்தாள். சட்டியில் இருந்து மூடி எடுக்கிற மாதிரி. பட்டர்க் கத்தியால், வதை தொங்கும் ஒரு மரச் சட்டத்தின் காதை மெல்ல அசைத்து வெளியே எடுத்தாள். பூச்சிகள் அவள் மணிக்கட்டில் நடந்து திரிந்தன.

"நெம்பத் தேவையில்லையோ?" என்றார் அக்கா. "பசை?"

"எங்கடை ஊர்ப் பூச்சி பசை பூசாது அக்கா. வெளிநாட்டுப் பூச்சிதான் மரப்பிசின் கொண்டந்து மூடியை ஒட்டும். அதுக்குத்தான் அங்கை உந்தத் தகடு. இஞ்சை அதாலை ஒரு வேலையும் இல்லை. சித்தப்பாவுக்கு அது தெரியாது, ஆசையா அனுப்பினவர். அதாலைதான் நானும் அதைத் தொடேல்லை."

அக்கா குனிந்து, ஒரு தடமும் இல்லாத மூடி விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார். எனக்கு உடனே ஒரு ஆள் மீது சந்தேகம் விழுந்தது. கஜீவன் என்று ஒருவன் தேனீ வளர்ப்பு வீடியோ போடுகிறவன், இதே பயிற்றுநர் வேலைக்கு விண்ணப்பித்தவன் என்று உதயகலா காலையில் அலுவலகத்தில் சொல்லியிருந்தாள். கிணற்றடியில் இருந்தே அவன் பெயரை அறிவித்தேன்.

"கஜீவன் பூச்சி வளக்கிறவன்" என்றார் அக்கா. "அவனும் கையாலைதான் தூக்கியிருப்பான். நாலு பக்கமும் நெம்பினது, தேனீயைப் பற்றி ஒண்டும் தெரியாத ஆள்."

"அப்ப சந்தேகநபர் யாழ்ப்பாணம் முழுக்க இருக்கினம். எங்கையிருந்து துவங்குவம்? அரியாலையோ, பருத்தித்துறையோ?"

அக்கா புகையூதியைக் குனிந்து பார்த்தார். அதிகமாகப் புகை அடித்தால் என்ன நடக்கும் என்று உதயகலாவிடம் கேட்டார். கூட்டமே வீட்டை விட்டுக் கிளம்பிவிடும் என்றாள் அவள். திரும்பி வராது. கிட்டத்தில் இருட்டான பொந்து கிடைத்தால் அதற்குள் போய்க் குடியிருக்கும். இதைக் கேட்டதும் அக்கா குடையை மடக்கினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவருக்கு ஏதோ விளங்கிவிட்டது என்பது மட்டும் விளங்கியது.

*

கந்தப்பு ஐயா மண்டபத்தில் கண்ணாடி அலுமாரிக்கு முன்னால் கதிரை போட்டு, சங்கக்கடைக் காவலாளி போல உட்கார்ந்திருந்தார். உள்ளே கனடா, சுவிஸ், லண்டன் எல்லாம் அடுக்கியிருந்தன. பிரிக்காத வாசனைப் போத்தல்கள், பொலித்தீன் கழற்றாத பொம்மை, பொன் விளிம்பு வைத்த தேநீர்க் கோப்பைகள், நயாகரா படம் போட்ட தட்டு. நடுவில் மஞ்சள் அட்டைப் பெட்டி.

வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அந்தப் பெட்டியை அவர் எப்போதும் தூக்கிக் காட்டுவாராம். திறந்து காட்டுவதில்லை. கையில் கொடுத்து, பாரத்தைப் பார்க்கச் சொல்லி, திரும்ப வாங்கி வைத்துவிடுவார். எங்களுக்கும் அப்படியே செய்தார். நல்ல பாரம்தான்.

"திறப்பம் ஐயா" என்றார் அக்கா.

"தேவையில்லை பிள்ளை. சாமான் உள்ளைதான் இருக்கு."

அக்கா அவருக்குப் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். உதயகலா கேட்காத தூரத்தில் நிற்கிறாளா என்று பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார். "திறந்து, தகடு இல்லாட்டி, மகள்தான் எடுத்தவள் எண்டு ஆகிடும். அதுக்குத்தானே பயப்பிடுறியள்?"

கிழவருக்குக் கண் நிறைந்துவிட்டது. மடியைத் தடவித் திறப்பை எடுத்து அக்காவின் கையில் வைத்துவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். என் வாய்க்கு அந்த நேரம் ஒரு பகிடியும் வரவில்லை.

அக்கா அட்டைப் பெட்டியின் மூடியைத் தூக்கினார். உள்ளே ஒரு பழைய பத்திரிகைச் சுருள். சுருளைப் பிரித்தார். பித்தளைப் பிடி, கிளித்தலை. பராசக்தி மாமியின் பாக்குவெட்டி யன்னல் வெயிலில் பளபளத்தது.

"ஐயா, திரும்பிப் பாருங்கோ. உங்கடை மகளுக்கு வெத்திலை பாக்குப் பழக்கம் இருக்கோ?"

கந்தப்பு ஐயா திரும்பினார். பார்த்தார். வாய் திறந்தபடி நின்றது.

மிச்சத்தை அக்கா கேள்வியாகவே அடுக்கினார். சனிக்கிழமைகளில் இந்த மண்டபத்தில் என்ன நடக்கும்? முந்நூற்றி நாலு என்ற சீட்டு விளையாடுவார்கள், நாலு பேர், பத்து வருடமாக. அலுமாரிக்குப் பக்கத்தில் யார் இருப்பது? சண்முகம்தான், கண்ணாடியில் மற்றவர்களின் சீட்டுத் தெரியும் என்று அந்த இடத்தை விடவே மாட்டார். சனிக்கிழமையும் அலுமாரி பூட்டியா இருக்கும்? இல்லை, விருந்தாளிகளுக்குப் பொன் விளிம்புக் கோப்பை எடுப்பதால் திறப்பு அன்றைக்கு அலுமாரியிலேயே தொங்கும். தேநீர் போடுவது யார்? கந்தப்பு ஐயா, குசினியில்.

"பெட்டியை நீங்கள் தூக்கித் தூக்கிக் காட்டுறது அவருக்குத் தெரியும். வெறும் பெட்டி எண்டால் கை கண்டுபிடிச்சிடும். அதுக்குத்தான் பாரம் வைச்சவர். தன்ரை வீட்டிலை அந்தப் பாரத்துக்குக் கையிலை அகப்பட்டது மாமியின்ரை பாக்குவெட்டி."

"பசை" என்று நான் கத்தினேன். எனக்கு அப்போதுதான் விழுந்தது. "சீமெந்து மாதிரிப் பசை எண்டு பாடம் நடத்தினவரெல்லே."

"கனடாவிலை ஆறு மாசமாப் பாத்த வீடியோ" என்றார் அக்கா. "ஊர்ப் பெட்டியைத் துறந்தே பாத்திராத ஆள்தான் அப்பிடிச் சொல்லுவார்."

கந்தப்பு ஐயா இதில் ஒன்றையும் கேட்டமாதிரித் தெரியவில்லை. வாசலில் வந்து நின்ற மகளிடம் போய், "நீ எடுக்கேல்லை" என்றார். மூன்று நாளாகச் சொல்லியிருக்க வேண்டியதை அப்போதுதான் சொன்னார். அவள் அப்போதுதான் அழுதாள்.

*

மூன்றரைக்குச் சண்முகநாதனை அவர் வீட்டுப் படலையில் பிடித்தோம். மாமி முன்னதாகவே வாசிகசாலைக்குப் போயிருந்தார், தகட்டையும் ஆதாரமாகக் கொண்டு. அக்கா பத்திரிகைச் சுருளை அவர் கையில் வைத்தார். பிரிக்காமலே அவருக்குத் தெரிந்துவிட்டது. உயரத்தில் ஒரு அடி குறைந்தார்.

தேன் எடுத்துத் தரும்படி உதயகலாவை இரண்டு தரம் கேட்டாராம். இப்போது எடுத்தால் பூச்சிக்குச் சாப்பாடு இருக்காது, வேம்பு பூக்கட்டும் என்று அவள் மறுத்துவிட்டாள். வடக்கு முழுவதையும் சங்கிலி போட்டு அளந்த மனிதருக்கு, தன் சொந்தப் பெட்டியைத் திறக்க ஒரு பெட்டையிடம் அனுமதி கேட்பது பொறுக்கவில்லை. கனடாத் தகடு கந்தப்பு வீட்டில் சும்மா தூங்குவது அவருக்குத் தெரியும். எடுத்துவந்து, நாளைக்குச் சனிக்கிழமை திரும்ப வைத்துவிடுவதாகத்தான் திட்டம். புகையூதி இல்லாததால் சாமி அறைத் தூபக்காலில் பச்சை வேப்பிலையைப் போட்டு மூட்டினார். புகையில் பெட்டியும் தெரியவில்லை, தானும் தெரியவில்லை. பூச்சிகள் ஒரேயடியாகக் கிளம்பின. தகட்டைப் போட்டுவிட்டு ஓடினார்.

"பேந்து பராசக்தி கத்தினா, சனம் வந்திட்டுது. நான் என்ன செய்ய? ஒருக்காத் தலையாட்டினன். ஒருக்காத்தான்."

"அந்த ஒருக்காவுக்கு அந்தப் பிள்ளைக்கு ஊர் முழுக்கப் படலை பூட்டினது" என்றார் அக்கா. குரல் உயரவில்லை. "நாலு மணிக்கு நீங்கள் எழும்பிக் கதைக்கிறியளோ, நான் கதைக்கட்டோ?"

அவர் சுருளை மார்போடு அணைத்துக்கொண்டு வாசிகசாலைப் பக்கம் நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். ஓடினால் பிடிக்கத் தயாராக நான் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தேன்.

அவர் ஓடவில்லை. முப்பது பெண்களும் பராசக்தி மாமியும் இருந்த மண்டபத்தில் நடுவே போய் நின்றார். பிறகு கையை உயர்த்திக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். வலது இமை உழுந்துவடை போல வீங்கி மூடிக் கிடந்தது.

"கண்நோய் இல்லை" என்றார். "என்ரை பெட்டியை நான்தான் துறந்தனான். உதயகலா வரேல்லை. தகட்டை எடுத்ததும் நான்தான்."

சுருளைப் பிரித்துப் பாக்குவெட்டியை மேசையில் வைத்தார். மாமி அதைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார். நான் பல வழக்குகளில் பல முகங்களைப் பார்த்திருக்கிறேன். அந்த முகத்துக்கு முன்னால் நிற்பதைவிடத் தேனீ பரவாயில்லை.

"அப்ப பூச்சியள் எங்கை?" என்று யாரோ கேட்டார்கள். சண்முகநாதனுக்குத் தெரியவில்லை. அக்காவும் உதட்டைப் பிதுக்கினார். கிட்டத்தில் ஒரு இருட்டுப் பொந்து, அவ்வளவுதான் தெரியும் என்றார்.

மண்டபத்தில் மேலே ஒரு மின்விசிறி அசையாமல் தொங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே நின்ற என் கையில் இருந்து செருப்பு விழுந்தது. காலை எட்டு மணியில் இருந்து ஊரில் கரண்ட் இல்லை. அப்படியானால் பதினொரு மணிக்கு எந்த வீட்டுத் தண்ணீர் மோட்டர் இரைந்தது?

"அக்கா, நான் டிக்கியைத் தடவினனான்" என்றேன். "இரைஞ்சது அதுக்குள்ளைதான்."

அக்கா என்னைப் பார்த்த பார்வையை நான் செத்தாலும் மறக்கமாட்டேன். இரண்டு வருடத்தில் முதல் தரம் அதில் மரியாதை இருந்தது.

*

கூட்டம் அப்படியே எழுந்து சண்முகநாதன் வளவுக்கு வந்தது. படங்கை இழுத்ததும் எல்லோருக்கும் கேட்டது. லைட் ஓட்டையால் பூச்சிகள் போவதும் வருவதுமாக இருந்தன. ஆனால் டிக்கி அசையவில்லை. துரு இறுக்கிப் பிடித்திருந்தது. சண்முகநாதன் இழுத்தார், வரவில்லை. பட்டர்க் கத்தியை நுழைத்தால் வளைந்தது.

உதயகலா திரும்பிப் பராசக்தி மாமியிடம் கையை நீட்டினாள். "மாமி, அந்தத் தகட்டைத் தாங்கோ."

மாமி ஆதாரத்தைக் கொடுத்தார். கனடாவில் இருந்து புறப்பட்டு மூன்று வருடம் அலுமாரியில் தூங்கி, கள்ளப் பெயரும் வாங்கிய அந்தத் தகடு, கடைசியில் தனக்கென்று ஒரு பசையைக் கண்டுபிடித்தது. கொக்கி முனையைத் துருவுக்குள் செருகி ஒரு நெம்பு. டிக்கி ‘கிறீச்’ என்று எழுந்தது. உள்ளே உபரி ரயருக்கு மேலே மூன்று நாளில் கட்டிய இரண்டு சின்ன வெள்ளை வதைகள், அவற்றை மூடிக் கைப்பிடி கைப்பிடியாகப் பூச்சிகள்.

அவள் இரண்டு தரம் புகை ஊதினாள். வெறுங்கையை உள்ளே விட்டு வதையை மெல்லக் கழற்றிப் பெட்டிச் சட்டத்தில் வாழைநாரால் கட்டினாள். கூட்டத்தின் நடுவே இராணியைக் கண்டு விரலால் காட்டினாள். அது பெட்டிக்குள் போனதும் மற்றவை ஊர்வலமாகப் பின்னால் போயின. முப்பது பெண்களில் முன்வரிசை ஒரு அடி முன்னே வந்தது. பிறகு இன்னொரு அடி. வாக்கெடுப்பு என்று ஒன்று நடக்கவில்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை.

பராசக்தி மாமி படியில் இருந்து பாக்கு வெட்டினார். கிளித்தலை ‘கறுக்’ என்று கடித்தது. கணவர் பக்கம் அவர் திரும்பவில்லை, அது பிறகு நடக்க இருக்கும் வேறொரு வழக்கு. வெற்றிலையில் பாக்கும் சுண்ணாம்பும் வைத்து மடித்தார். நல்லதொரு காரியத்துக்கு வீடு வீடாகப் போய் அழைக்கும்போது வைப்பதுபோலத் தட்டில் வைத்து, எழுந்து போய், தேன் ஒட்டிய கையோடு நின்ற உதயகலாவின் முன்னால் நீட்டினார்.

"நாளைக்குப் பழக்கத் துவங்கு பிள்ளை. முதல் பெட்டி என்ரை பெட்டி. நானே துறக்கிறன், நீ பக்கத்திலை நில்."

அவள் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு வெற்றிலையை எடுத்துக்கொண்டாள். அவளுக்கு அந்தப் பழக்கம் இல்லை. இருந்தும் எல்லோரும் பார்க்க வாயில் போட்டு மென்றாள். வேலிக்கு வெளியே நின்ற கந்தப்பு ஐயா சிரித்துக்கொண்டே அழுதார்.

நான் என் கண்டுபிடிப்பின் பெருமையில், பெட்டிக்கு மிகக் கிட்டப் போய் நின்று ஏ-போட்டியின் விலையைச் சண்முகநாதனிடம் விசாரித்தேன். அப்போதுதான் கடைசியாக வந்த ஒரு பூச்சி, வீட்டு வாசலை மறித்து நின்ற என்னைக் கண்டது.

"றயன், மூக்கிலையோ?" என்று அக்கா கேட்டார்.

ஓம், மூக்கில்தான். எவரும் குத்தாத இரண்டு வருடப் பெருமை அத்தோடு முடிந்தது. சண்முகநாதன் மிகுந்த அன்போடு தன் கறுப்புக் கண்ணாடியை என்னிடம் நீட்டினார்.